பேரளவு இரத்தமேற்றல் நெறிமுறை: தணிக்கையைக் கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: விபத்துச் சிகிச்சையும் மகப்பேறும் உள்ள நடுத்தர மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் மருத்துவராகப் பணிபுரிகிறேன். கடும் இரத்தப்போக்குக்கான பேரளவு இரத்தமேற்றல் நெறிமுறையை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடைமுறைப்படுத்தினோம். பிளாஸ்மா, பிளேட்லெட், சிவப்பணு ஆகியவற்றை 1:1:1 விகிதத்தில் கொடுத்துவருவதாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த நெறிமுறை பயன்படுகிறதா என்பதை எப்படி மதிப்பிடுவது?

பதில்: இறப்பு குறையவில்லை என்பதை மட்டும் வைத்து நெறிமுறை தோற்றுவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். 2015-இல் வெளியான புராப்பர் ஆய்வு, வட அமெரிக்காவின் 12 விபத்துச் சிகிச்சை மையங்களில் 680 நோயாளிகளைச் சேர்த்து, 1:1:1 விகிதத்தை, சிவப்பணு மட்டும் இரு மடங்கான 1:1:2 விகிதத்தோடு ஒப்பிட்டது. 24 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12.7 சதவீதம், இரண்டாம் பிரிவில் 17 சதவீதம். அந்த வேறுபாடுகூடப் புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. அத்தனை பெரிய ஆய்வுக்கே எட்டாத விடையை, ஆண்டுக்குச் சில பத்து நோயாளிகளைக் காணும் ஒரு மருத்துவமனையின் மொத்த இறப்புக் கணக்கு தராது. அதே ஆய்வில், முதல் நாளில் இரத்தம் வடிந்தே இறந்தவர்கள் 9.2 சதவீதமும் 14.6 சதவீதமுமாக இருந்தார்கள். அந்த வேறுபாடு உறுதியானது. எனவே தலைக்காயத்தாலும் பின்னாளில் வந்த உறுப்புச் செயலிழப்பாலும் இறந்தவர்களைத் தனியே பிரித்துவிட்டு, முதல் 24 மணி நேரத்தில் இரத்தப்போக்கால் இறந்தவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

உங்கள் பதிவேட்டில் உள்ள 1:1:1 எந்த நேரத்துக்கான கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் 6 யூனிட் சிவப்பணு மட்டும் பெற்று, இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிட்ட நோயாளிக்கு அடுத்த சில மணி நேரங்களில் 6 யூனிட் பிளாஸ்மா கொடுத்திருந்தால், 24 மணி நேரக் கூட்டலில் அந்த விகிதம் குறையற்றதாகவே தெரியும். உறையவைத்த பிளாஸ்மா உருகி வருவதற்குள் இறந்துவிட்டவர் குறைந்த விகிதத்தில் பெற்றவராகவும், பிழைத்திருந்ததாலேயே பிளாஸ்மா கிடைத்தவர் நல்ல விகிதத்தில் பெற்றவராகவும் பதிவாவார்கள். விகிதத்தைப் பற்றிய பழைய நோக்காய்வுகள் (நடந்த சிகிச்சையைப் பதிவுகளில் கவனித்து மட்டும் செய்தவை) பலவற்றைத் தடுமாறவைத்த பிழை இதுதான். முதல் மணி நேர முடிவிலும் இரண்டாம் மணி நேர முடிவிலும் விகிதம் என்னவாக இருந்தது என்று கணக்கிடுங்கள். பிளேட்லெட்டை எண்ணும்போதும் கவனம் வேண்டும்: அஃபெரிசிஸ் முறையில் ஒரே கொடையாளரிடமிருந்து எடுத்த ஒரு பை, முழு இரத்தத்திலிருந்து பிரித்த ஏறத்தாழ 6 பைகளுக்கு இணையானது. இரண்டையும் ஒன்றாக எண்ணியிருந்தால் விகிதத்தில் பிளேட்லெட்டுக்குரிய இரண்டாம் எண்ணுக்குப் பொருளே இல்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப்படுவது நேரம். புராப்பர் ஆய்வின் தரவுகளை மீண்டும் அலசி 2017-இல் வெளியான கட்டுரை, நெறிமுறை அழைப்பு விடுத்ததிலிருந்து முதல் இரத்தப்பெட்டி வந்து சேரும் வரை ஏற்படும் ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் இறப்புக்கான வாய்ப்பு விகிதம் 5 சதவீதம் உயர்வதாகக் கண்டது. ஆகவே இரத்தப்போக்கின் கடுமையை உணர்ந்த நேரம், அழைப்பு விடுத்த நேரம், இரத்த வங்கியிலிருந்து பெட்டி கிளம்பிய நேரம், நோயாளியின் அருகே வந்த நேரம், முதல் சிவப்பணு ஏறத் தொடங்கிய நேரம், முதல் பிளாஸ்மா ஏறத் தொடங்கிய நேரம் என ஆறு புள்ளிகளையும் ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எடுத்து எழுதிப் பாருங்கள். இடைவெளி எங்கே நீள்கிறதோ அங்கேதான் உங்கள் நெறிமுறையின் நோய் இருக்கிறது. நான் தணிக்கை செய்த ஒரு மருத்துவமனையில் பெட்டி விரைவாகவே தயாராகிவந்தது. ஆனால் இரவுப் பணியில் அதைத் தூக்கிச் செல்ல யார் பொறுப்பு என்று நெறிமுறையில் ஒரு வரிகூட இல்லை. அதே பெட்டிக்குள் பிளேட்லெட்டையும் பனிக்கட்டியோடு வைத்து அனுப்பியிருந்தார்கள். 20 முதல் 24 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய பை அது. அன்று அதைக் கண்டபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் என்னைவிட்டு அகலவில்லை.

பிளாஸ்மாவின் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், உறைநிலையிலிருந்து அதை உருக்குவதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் ஆவதுதான். ஏ அல்லது ஏபி வகைப் பிளாஸ்மாவில் சில யூனிட்களை முன்கூட்டியே உருக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருப்பது இதற்கு ஒரு தீர்வு. சில யூனிட்கள் வீணாகத்தான் செய்யும். அந்த வீணடிப்பையும் அளந்து, காத்திருப்பில் மிச்சமான நிமிடங்களோடு எடைபோட்டு முடிவெடுங்கள்.

அடுத்து, நெறிமுறை யாருக்காக அழைக்கப்பட்டது என்பதோடு, யாருக்கு அழைக்கப்படாமல் போனது என்பதையும் தேட வேண்டும். பெரும்பாலான தணிக்கைகள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் 4 யூனிட் அல்லது அதற்கு மேல் சிவப்பணு பெற்றவர்கள் அனைவரையும் இரத்த வங்கிப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். 24 மணி நேரத்தில் 10 யூனிட் என்ற பழைய வரையறை, சீக்கிரம் இறந்தவர்களை விட்டுவிடும். விபத்து நோயாளிகளுக்கு ஏபிசி மதிப்பெண் உதவும்: ஊடுருவிய காயம், 90 அல்லது அதற்குக் குறைவான மேல் இரத்த அழுத்தம், 120 அல்லது அதற்கு மேற்பட்ட நாடித்துடிப்பு, வயிற்றில் இரத்தம் இருப்பதைக் காட்டும் ஸ்கேன் ஆகிய நான்கில் இரண்டு இருந்தால் அழைக்கலாம். பிரசவத்துக்குப் பின் இரத்தம் போகும் தாய்க்கு இந்த மதிப்பெண் உருவாக்கப்படவில்லை. உடல்நலமுள்ள இளம்பெண்ணின் இரத்த அழுத்தம் நெடுநேரம் தாக்குப்பிடித்துவிட்டுத் திடீரெனச் சரியும். மகப்பேற்றில், இரத்தம் உறைவதற்கு உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்குவதே எச்சரிக்கை. விபத்துக்கு எழுதிய தாளை அங்கே அப்படியே ஒட்டியிருந்தால் மாற்றி எழுதுங்கள்.

இரத்தப் பைகளோடு சேர்ந்து நடக்க வேண்டியவையும் கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளைச் சேர்த்து 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வும், அதே அளவு தாய்மார்களைச் சேர்த்து 2017-இல் வெளியான உமன் ஆய்வும், இரத்தக்கட்டி கரையாமல் தடுக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலத்தின் பயன் முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுப்பதில்தான் என்பதைக் காட்டின. இரைப்பை, குடல் இரத்தப்போக்கில் அது பயன் தரவில்லை என்று 2020-இல் ஹால்ட்-இட் ஆய்வு கண்டது. அந்த நோயாளிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கும் வரி உங்கள் நெறிமுறையில் இருந்தால் நீக்கிவிடலாம். இரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், இரத்தம் உறையத் தேவையான கால்சியத்தைப் பிணைத்துவிடுவதால், அயனிக் கால்சியம் முதல் மணி நேரத்தில் அளக்கப்பட்டதா, குறைந்திருந்தால் ஈடுசெய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். உடல் வெப்பநிலை எழுதப்படாத கோப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள்; அந்த எண் பெரும்பாலும் சங்கடமானதாகவே இருக்கும்.

நெறிமுறையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் இரத்த வங்கிக்குத் தகவல் சென்றதா என்பதையும் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் கல்லூரி தணிக்கை அளவீடாகப் பரிந்துரைக்கிறது. தகவல் போகாதவரை அங்கே பைகள் உருகிக்கொண்டே இருக்கும்.

கடைசிப் பத்து அழைப்புகளின் கோப்புகளை எடுத்துக்கொண்டு, இரத்த வங்கித் தொழில்நுட்பர், அவசரப் பிரிவுச் செவிலியர், பெட்டியைத் தூக்கிவரும் ஊழியர் மூவரையும் மருத்துவர்களோடு ஒரே மேசையில் உட்காரவையுங்கள். அதன்பின் ஒரு நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி, வெறும் பெட்டியை வைத்து ஒத்திகை நடத்தி, அழைப்பிலிருந்து வாசல்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.