சம்ப்பை ஒட்டுங்கள், ஹீட்டரில் கை வைக்காதீர்கள்: பவளத் தொட்டி கேள்வி-பதில்

கேள்வி: முதல்முறையாகப் பவளத் தொட்டி வைக்கப்போகிறேன். பட்ஜெட் குறைவு. தச்சு வேலை தெரியும், சால்டரிங் கொஞ்சம் வரும். எதையெல்லாம் நானே செய்துகொள்ளலாம்?

பதில்: கைவேலை தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிடும். எனக்கும் அந்த வியாதி இருந்தது. இப்போது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இது ராத்திரி பதினொரு மணிக்குக் கெட்டுப்போனால் விடிவதற்குள் என்ன ஆகும்?

லைட் அணைந்தால் ஒன்றும் ஆகாது. பவளம் இரண்டு நாள் இருட்டைத் தாங்கும். தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பின் உள்தடுப்பில் கசிவு வந்தாலும் தண்ணீர் சம்ப்புக்குள்ளேயேதான் இருக்கும். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் விடியும்போது தொட்டியில் சூப்தான் இருக்கும். அதனால் ஹீட்டரை வாங்குங்கள். அதையும் பெரியதாக ஒன்று வாங்காமல் சின்னதாக இரண்டு வாங்குங்கள். 100 லிட்டருக்கு 100 வாட் ஒன்றுக்குப் பதில் 50 வாட் இரண்டு. ஒன்று மாட்டிக்கொண்டாலும் அதனால் தனியாகத் தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாது, ஒன்று செத்துப்போனாலும் மற்றது ஓரளவு தாங்கிப்பிடிக்கும்.

உப்பு மிக்ஸ், தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீர் அமிலமாவதைத் தாங்கும் திறனை, அதாவது ஆல்கலினிட்டியை, அளக்கும் டெஸ்ட் கிட், கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவற்றையும் காசு கொடுத்தே வாங்குங்கள். சம்ப், பைப் வேலை, லைட் சட்டம், பாசி வளர்க்கும் அறை எல்லாம் உங்கள் கைக்கு விட்டது. ஸ்டாண்டும் செய்யலாம், ஆனால் எடையை மறக்காதீர்கள். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ. 200 லிட்டர் தொட்டி என்றால் கண்ணாடி, பாறை, மணலைச் சேர்க்காமலே 205 கிலோ நிற்கும்.

கேள்வி: பழைய மீன் தொட்டி ஒன்றைச் சம்ப்பாக மாற்றுகிறேன். தடுப்புக் கண்ணாடிகளை எவ்வளவு உயரத்தில் ஒட்ட வேண்டும்?

பதில்: உயரத்தை அப்புறம் பார்க்கலாம், கரன்ட் போனால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மேல் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சம்ப்பிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பைப்பின் வாய் நீர்மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அந்த 3 செ.மீ. தண்ணீர் அதே பைப் வழியாகப் பின்னோக்கி இறங்கும். 90 × 45 × 3, அதாவது 12 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பைப்புகளுக்குள் நிற்கும் தண்ணீரையும் சேர்த்தால் 14 வரை போகலாம். சம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் அவ்வளவு இடமாவது காலியாக இருக்க வேண்டும். தடுப்புகளின் உயரம் அந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் போதும், காற்று புகுந்து இந்தப் பின்னோட்டம் (சைஃபன்) நின்றுவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஓட்டையை மட்டும் நம்பிச் சம்ப்பைச் சின்னதாகக் கட்டாதீர்கள். என் முதல் தொட்டியில் அந்த ஓட்டை மேல் ஒரு நத்தை உட்கார்ந்துகொண்டது. சரியாக அன்றைக்குத்தான் கரன்ட் போனது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாய்விரிப்பு உப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நத்தை நகரவே இல்லை.

ஒட்டுவதற்கு, காயும்போது வினிகர் வாசனை வருகிற சாதா சிலிக்கான் போதும். பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மட்டும் வேண்டாம். அந்த வாசனை முழுக்கப் போகும்வரை தண்ணீர் விடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. எல்லாம் மாட்டி முடித்தபின், பாறையும் மீனும் போடுவதற்கு முன்பே, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு தடவை போதாது, பத்துத் தடவை.

கேள்வி: மேல் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோவுக்காகத் தொட்டிக் கண்ணாடியில் வீட்டிலேயே ஓட்டை போடலாமா?

பதில்: சாதாக் கண்ணாடி என்றால் டைமண்ட் பிட், மெதுவான வேகம், விடாமல் தண்ணீர், கையால் அழுத்தாத பொறுமை, இவ்வளவும் இருந்தால் முடியும். சூடாக்கிக் கடினப்படுத்திய டெம்பர்டு கண்ணாடி என்றால் பிட் பட்டதும் மொத்தப் பலகையும் துகள்துகளாகக் கொட்டிவிடும். பல தொட்டிகளில் அடிப்பலகை டெம்பர்டாக இருக்கும். எது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் டிரில்லைத் தொடாதீர்கள்.

கேள்வி: பவளத்துக்கான உப்பு மிக்ஸுக்குத்தான் அதிகம் செலவாகிறது. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினால் என்ன? கடலும் உப்புத் தண்ணீர்தானே?

பதில்: கடலில் கரைந்திருப்பதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். பவளம் உயிர்வாழ்வது மிச்சமிருப்பதை வைத்து. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 400க்குக் கொஞ்சம் மேல் கால்சியம், ஏறக்குறைய 400 பொட்டாசியம் இருக்கின்றன. சமையல் உப்புக் கரைசலில் இவை பேருக்குக்கூட இருக்காது. செலவைக் குறைக்க நினைத்தால் தொட்டியின் அளவைக் குறையுங்கள், உப்பின் தரத்தைக் குறைக்காதீர்கள். ரொம்பவும் குறைத்துவிடவும் கூடாது. 20 லிட்டர் தொட்டியில் எல்லாம் மணிக்கணக்கில் மாறும். புதியவர்களுக்கு 80 முதல் 150 லிட்டர் வரை வசதி.

சமையல் உப்புக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. 36.5 கிராம் உப்பை 963.5 கிராம் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்நீர் காட்டும் அதே அளவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கருவியின் திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தை மட்டும் சரிபார்த்தால், மேலே 35 வரும் இடத்தில் தப்பு ஒளிந்திருக்கலாம். எடை போடுவதற்கு நல்ல டிஜிட்டல் தராசு வேண்டும், ஸ்பூன் கணக்கு உதவாது.

கேள்வி: நானே எல்இடி லைட் செய்து மாட்டினேன். பார்ப்பதற்கு மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு வாரத்தில் பவளங்கள் வெளுத்துவிட்டன. லைட் போதவில்லையா?

பதில்: இல்லை, பெரும்பாலும் அதிகமாகிவிட்டது. நம் கண்ணுக்கு 450 நானோமீட்டர் நீலம் மங்கல்தான், பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கோ அதுதான் முழுச் சாப்பாடு. வெளிச்சம் தாங்க முடியாமல் போனால் பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடும். அப்போது திசு கண்ணாடிபோலாகி அடியிலிருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். அதைத்தான் வெளுத்துவிட்டது என்கிறோம்.

லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? ஆழமில்லாத தொட்டி என்றால் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், அது வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்கிறது. லைட்டை முப்பது சதவீதத்துக்கு இறக்கி, மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். காளான் பவளத்துக்கு 50 முதல் 100 பார் (PAR, பாசி பயன்படுத்தும் ஒளியின் அளவு) போதும், கல் பவளமான அக்ரோபோராவுக்கு 250க்கு மேல் வேண்டும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் எந்த லைட்டாலும் சமாளிக்க முடியாது. காளானைக் கீழே இறக்குங்கள்.

எல்இடிக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவரை மட்டும் ரெடிமேடாக, மூடிய பெட்டியில் வருவதாக வாங்கிவிடுங்கள். எல்இடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் அக்ரிலிக் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும் உப்பு சால்டரிங்கைத் தின்றுவிடும். எல்லா ஒயர்களும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி இறங்கி அப்புறம் மேலேறட்டும். ஒயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

கேள்வி: வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. குட்டி ஃப்ரிட்ஜுக்குள் ஹோஸைச் சுருட்டி வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டால் சில்லர் ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. பிளாஸ்டிக் ஹோஸ் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதைச் சுற்றியிருக்கும் ஃப்ரிட்ஜ் காற்றும் கடத்தாது. அந்தச் சின்ன கம்ப்ரஸரும் ஏற்கெனவே குளிர்ந்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கத்தான் செய்யப்பட்டது. நாள் முழுக்க வெப்பத்தை அள்ளிக்கொட்டச் சொன்னால் சீக்கிரமே படுத்துவிடும்.

தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்கும்படி ஒரு சாதா ஃபேனை வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 100 லிட்டர் தொட்டியை ஏறத்தாழ 6 டிகிரி குளிரவைக்கப் போதுமானது. லைட்டும் பம்பும் அறையும் திரும்ப வெப்பம் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கையில் கிடைப்பது 2 முதல் 4 டிகிரிதான். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் இன்னும் குறையும். ஃபேனை ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரில் இணைத்து 27 டிகிரிக்குமேல் ஓடும்படி வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை நல்ல ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. ஃப்ளோட் ஸ்விட்ச் வைத்துத் தானாக நிரம்பும்படி செய்யலாம், ஆனால் அது ஒருநாள் மாட்டிக்கொள்ளும் என்றே எண்ணிச் செய்யுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டர் கேன் மட்டும் வைத்தால், மொத்தமும் உள்ளே கொட்டினாலும் உப்பு 35இலிருந்து 33.3க்குத்தான் இறங்கும். யாரும் சாகமாட்டார்கள். அதையே 40 லிட்டர் டிரம்மில் வைத்திருந்தால் கதை வேறு.

கேள்வி: கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை பிவிசி பைப்பில் செய்யலாம் என்கிறார்களே?

பதில்: செய்யலாம், குமிழி விடும் மரத்தாலான ஏர் ஸ்டோன் போட்டு நானும் செய்திருக்கிறேன், வேலையும் செய்தது. அந்த ஏர் ஸ்டோனைச் சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் மாற்றமாட்டீர்கள், நானும் மாற்றவில்லை. 100 லிட்டருக்குள் என்றால் ஸ்கிம்மரே வேண்டாம், வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள்.

கேள்வி: ஒருவர் தன் பழைய தொட்டியின் பாறைகளைச் சும்மாவே கொடுத்தார். ஓரிடத்தில் பட்டன் மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டன்கள் பவளத்தின் உறவான ஜோவாந்திட், பாலித்தோவா வகை உயிரிகளாக இருக்கலாம். சிலவற்றில் பாலிடாக்சின் என்கிற கொடிய நஞ்சு உண்டு, கொதித்தாலும் அது அழியாது. ஆவியை மூச்சில் இழுத்துவிட்டு வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். சந்தேகமான பாறையை மட்டும் கையுறை, கண்ணாடி போட்டு எடுத்துத் தள்ளிவைத்துவிடுங்கள், தொட்டியில் போடாதீர்கள். கொஞ்சம் பாறை குறைந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: கால்சியம், ஆல்கலினிட்டி மருந்துகளைப் பேக்கிங் சோடா வைத்து வீட்டிலேயே தயாரிக்கிறார்களாம். மூன்று காளான், இரண்டு லெதர் பவளம் வைத்திருக்கிறேன். எனக்கு அளவு சொல்ல முடியுமா?

பதில்: அந்த ஐந்துக்கும் மருந்து எதுவும் தேவையில்லை. அவை கல் எலும்பு கட்டாதவை. நீங்கள் வாரம் மாற்றும் தண்ணீரிலேயே வேண்டியது வந்துவிடும்.

கல் பவளங்கள் சேர்ந்தபின் தேவைப்பட்டால்: 100 லிட்டருக்கு 3 கிராம் பேக்கிங் சோடா ஆல்கலினிட்டியை 1 டிகேஎச் ஏற்றும். அதே 100 லிட்டருக்கு 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கால்சியத்தை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்றும். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்குமேல் ஏற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றினால் தண்ணீரில் பனி விழுவதுபோல வெள்ளையாகத் திரிந்து வீணாகும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, பேக்கிங் சோடா வேறு. டப்பாவில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும்தான் எழுதியிருக்க வேண்டும். அளந்து பார்க்காமல் ஒரு கிராம்கூடப் போடாதீர்கள், அதற்குத்தான் முதல் பதிலிலேயே டெஸ்ட் கிட்டை வாங்கச் சொன்னேன்.