யாரோட போன் மட்டும் கண்ணுல படுது?

அன்புள்ள மேடம்,

வணக்கம். நீங்க எழுதுறத ரெகுலரா படிக்கிறவன். வயசு 68, ரயில்வேல இருந்து ரிடையர் ஆகி வில்லிவாக்கத்துல மகன், மருமகள், பேரன், பேத்தியோட நானும் என் வீட்டம்மாவும் இருக்கோம். 1984ல நாங்க டயனோரா டிவி வாங்கினப்போ தெருவே எங்க வீட்ல தான் இருக்கும். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயித்துக்கிழமை படம், எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்போம், பேசுவோம். இப்ப சாப்பிட உக்காந்தா ஆளுக்கு ஒரு போன். மகன் ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வந்ததும் போன். பேத்தி ஏழாவது படிக்கிறா, எப்ப பாரு ரீல்ஸ். பேரனுக்கு நாலு வயசு, மருமகள் கார்ட்டூன் போட்டு காட்டி தான் ஊட்டுது. அதுவும் வேலைக்கு போகுது, ராத்திரி ஒன்பது மணியானா ரூமுக்குள்ள போய் கதவ சாத்திக்கிட்டு போன்ல உக்காந்துடுது. நான் ஃபேமிலி குரூப்ல தினமும் நல்ல கருத்து, உடம்புக்கு நல்லது, எச்சரிக்கை மெசேஜ்னு அனுப்புறேன், ஒருத்தரும் படிக்கிறதில்ல. நம்ம குடும்பப் பண்பாடே போச்சு. ராத்திரி ஒன்பதுக்கு மேல வைஃபைய ஆஃப் பண்ணிடச் சொல்லி மகன்கிட்ட பேசலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க? என் பேர போட வேண்டாம்.

*

அன்புள்ள ஐயா,

உங்க ஆதங்கத்த நான் லேசா எடுத்துக்கல. பகல் முழுக்க வீட்ல தனியா இருந்துட்டு, சாயந்திரம் எல்லாரும் வந்ததும் நாலு வார்த்தை பேசலாம்னு காத்திருந்து, வந்தவங்க எல்லாம் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தா மனசு கஷ்டப்படத்தான் செய்யும். அது வயசானவங்க புலம்பல்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா உங்க கடிதத்த திரும்ப ஒரு தடவை படிச்சுப் பாருங்க ஐயா. மகனோட போன் ரெண்டு வார்த்தைல முடிஞ்சிடுச்சு. மருமகளோட போனுக்கு மணி, ரூம், கதவு எல்லாம் வந்துடுச்சு. உங்க போன், அது போன் கணக்குலயே வரல, நல்ல கருத்து கணக்குல வந்திருக்கு. எனக்கு வர்ற கடிதங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான் இருக்கு, வீட்ல எல்லார் கையிலயும் போன் இருக்கு, ஆனா குடும்பத்த கெடுக்குறது மட்டும் அந்த வீட்டுப் பொண்ணுங்க கையில இருக்கிற போன். இதப் பத்தி தான் உங்ககிட்ட பேசணும்.

நீங்க சொல்ற அந்த டிவி காலத்துலயே நானும் வளர்ந்தேன். 1975 ஆகஸ்ட் 15ல மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சாங்க, ஆனா எங்க பெரம்பூர் பக்கம் எல்லா வீட்லயும் டிவி வர பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் சாலிடேரோ டயனோராவோ இருக்கிற ஒரு வீட்ல தெருவே உக்காரும். நாற்காலில ஆம்பளைங்க, தரைல நாங்க பசங்க, ஜன்னல்ல வெளியாளுங்க. எங்கம்மா எங்க இருந்தாங்க தெரியுமா? சமையல்கட்டு நிலைப்படில, கையில கரண்டியோட, ஒரு தோள நிலைல சாய்ச்சுக்கிட்டு. பல்லவி முடியறதுக்குள்ள யாராவது தண்ணி கேப்பாங்க, கொண்டு வந்து குடுத்துட்டு வந்து நின்னா சரணம் ஓடிட்டிருக்கும், அதுக்குள்ள குழம்பு பொங்கும். ஒளியும் ஒலியும்ல ஒரே ஒரு பாட்ட அவங்க முழுசா உக்காந்து பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாத்தோம்னு நாம சொல்றப்ப அந்த எல்லாருக்குள்ள அம்மா இல்ல ஐயா. உங்க வீட்ல எப்படின்னு உங்க வீட்டம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னிக்கு சன் டிவி வந்துச்சு, அதுக்கப்புறம் சில வருஷத்துல மெகா சீரியல் வந்து, மத்தியானமும் ராத்திரியும் பொம்பளைங்க முதல் தடவையா டிவி முன்னாடி உக்காந்தாங்க. உடனே சீரியல் குடும்பத்த கெடுக்குதுன்னு பேச்சு வந்துச்சு. அந்த சீரியல்கள்ல மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிறதயும் சதி பண்றதயும் பத்து வருஷம் இழுத்தது எனக்கும் கோபம் தான், நம்ம வீட்டு பேச்சுலயே ஒரு சந்தேகத் தொனிய அது கொண்டு வந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்வேன். ஆனா அதே ஹால்ல நாள் முழுக்க கிரிக்கெட் ஓடினப்போ குடும்பம் கெடுதுன்னு ஒருத்தரும் சொல்லல.

ஹால்ல இருந்த லேண்ட்லைன் போன் ஞாபகம் இருக்கா? குரோஷா கவர் போட்டு ஸ்டூல்ல இருக்கும். கல்யாணமாகி வந்த பொண்ணு அவ அம்மாகிட்ட பேசணும்னா, ராத்திரி எஸ்டிடி ரேட், அதாவது வெளியூர் கால் ரேட், குறையுற வரைக்கும் காத்திருந்து, மாமனார் மாமியார் நாத்தனார் எல்லார் முன்னாடியும் நின்னு, "நல்லா இருக்கேம்மா, எல்லாம் நல்லா இருக்காங்கம்மா"ன்னு சொல்லிட்டு வச்சிடணும். நல்லா இல்லாத விஷயத்த சொல்ல அவளுக்கு இடமே கிடையாது. இன்னிக்கு உங்க மருமகள் ஒன்பது மணிக்கு கதவ சாத்திக்கிட்டு யார்கிட்ட பேசுது, என்ன பாக்குதுன்னு உங்க கடிதத்துல ஒரு வரி கூட இல்ல. அவங்க அம்மாவோட வீடியோ கால்ல இருக்கலாம், ஆபீஸ் வேலை பாக்கலாம், சும்மா சமையல் வீடியோ பாத்துட்டு படுத்திருக்கலாம். காலைல எழுந்து டிபன், லஞ்ச் பாக்ஸ், வேலை, திரும்ப வந்து ராத்திரி சாப்பாடு, பாத்திரம்னு ஓடுற ஒரு பொண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் தான் அன்னிக்கு சொந்தமா கிடைக்கிற நேரம். அத தயவுசெஞ்சு தொடாதீங்க.

பேரன் விஷயத்துல நான் முழுக்க உங்க பக்கம். கார்ட்டூன் காட்டி ஊட்டுறது வேண்டவே வேண்டாம். வாயத் திறக்கிறது திறந்துட்டே இருக்கும், வயிறு நிறைஞ்சது அந்தக் குழந்தைக்கே தெரியாது, என்ன சாப்பிட்டோம்னும் தெரியாது, ஒரு வீடியோ முடிஞ்சா அதுவே அடுத்தது போட்டுடும். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் உக்காந்து ஸ்கிரீன் பாக்குறது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, அதுலயும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஆனா ஐயா, காலைல வேன் வர்றதுக்குள்ள ஊட்டி முடிக்கணும், தானும் கிளம்பணும்னு இருக்கிற அம்மா வேற என்ன பண்ணுவாங்க? அந்த வீட்ல அந்த நேரத்துல கை காலியா இருக்கிறது நீங்க தான். தட்ட நீங்க வாங்கிக்கங்க. வில்லிவாக்கத்துல ரயில் லைன் பக்கமா வீடுன்னா மொட்ட மாடிக்கு கூட்டிட்டுப் போங்க, அரக்கோணம் லோக்கல் போகும், எக்ஸ்பிரஸ் போகும், கூட்ஸ் போகும். ரயில்வேல இருந்தவர் நீங்க, எந்த வண்டி எங்க போகுதுன்னு கதை சொல்லிட்டே ஊட்ட இந்த ஊர்ல உங்கள விட யாருக்கு முடியும்? முதல் நாலு நாள் போன் கேட்டு அழுவான், அழட்டும்.

பேத்திய பத்தி ஒண்ணு. அவ கையில போன குடுத்தது நாம தான், 2020ல ஊரடங்குல ஸ்கூல் பாடமே போன்ல வந்துச்சு, பாடம் முடிஞ்சு போன் மட்டும் கையிலயே தங்கிடுச்சு. அதே வருஷம் ஜூன்ல டிக்டாக்க தடை பண்ணாங்க, ஜூலைல ரீல்ஸ் வந்துடுச்சு. இந்த ஆப் எல்லாம் காசு பாக்குறது விளம்பரத்துல, நாம எவ்வளவு நேரம் உள்ள இருக்கோமோ அவ்வளவு விளம்பரம், அதனால கீழ தள்ளத் தள்ள முடிவே இல்லாம வர்ற மாதிரி தான் அத செஞ்சிருக்காங்க. பெரிய பெரிய இஞ்சினியருங்க உக்காந்து யோசிச்சு செஞ்ச ஒண்ண, பன்னெண்டு வயசுப் பொண்ணு மன உறுதியால ஜெயிக்கணும்னு எதிர்பாக்குறது நியாயமே இல்ல. திட்டாம பக்கத்துல போய் உக்காந்து, என்னம்மா பாக்குற, எனக்கும் காட்டுன்னு கேளுங்க. சில வீடியோ பிடிக்கும், சிலது அருவருப்பா இருக்கும், அத ஏன்னு அவகிட்ட சொல்லுங்க, அவளையும் சொல்ல விடுங்க. யார் பின்தொடர்றா, யார் மெசேஜ் போடுறாங்கன்னு அவளா உங்ககிட்ட சொல்ற அளவுக்கு நீங்க பக்கத்துல இருக்கணும், ஏதாவது ஆபத்து வந்தா வீட்ல சொன்னா போன பிடுங்கிடுவாங்கன்னு பயந்து தான் நிறைய பொண்ணுங்க வாய மூடிக்கிறாங்க.

இப்ப உங்க போன். கொஞ்சம் கடுமையா சொல்றேன், மன்னிச்சுக்கங்க. 2018 மே மாசம், சென்னைல இருந்து ஒரு குடும்பம் கார்ல குலதெய்வம் கோயிலுக்கு திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் போனாங்க. வழில ஒரு ஊர்ல நின்னப்போ அவங்கள்ல ஒரு வயசான அம்மா அங்க இருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. குழந்தை கடத்த வடநாட்டுக் கும்பல் வந்திருக்குன்னு வாட்ஸ்அப்ல வதந்தி சுத்திட்டிருந்த நேரம் அது. ஊரே கூடி அடிச்சதுல அந்த அம்மா செத்துப்போனாங்க, கூட வந்தவங்களுக்கு பலத்த காயம். அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணவங்கள்ல எத்தனை பேர் கெட்டவங்க? பெரும்பாலும் உங்கள மாதிரி, என்னை மாதிரி, நம்ம குழந்தைங்க பத்திரமா இருக்கட்டும்னு நினைச்ச தாத்தா பாட்டி, அப்பா அம்மாங்க. அதுக்கப்புறம் தான் ஜூலைல வாட்ஸ்அப் இந்தியால ஒரு மெசேஜ அஞ்சு பேருக்கு மேல ஒரே தடவைல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. எச்சரிக்கை மெசேஜ்னு நீங்க எழுதியிருந்தீங்களே, அந்த வார்த்தைய படிச்சதும் எனக்கு அந்த அம்மா ஞாபகம் தான் வந்துச்சு. மெசேஜ் மேல ரெண்டு அம்புக்குறி இருந்தா அது பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், அத அனுப்பாதீங்க. சர்க்கரை வியாதிக்கு இந்த இலைய அரைச்சு குடி, மாத்திரைய நிறுத்துன்னு வர்றதயும் அனுப்பாதீங்க, உங்க பேச்ச நம்பி யாராவது நிறுத்திட்டா என்ன ஆகும்?

குரூப்ல யாரும் படிக்கலன்னு வருத்தப்பட்டீங்க. அது உங்க வார்த்தை இல்லையே ஐயா, அதான். நீங்க வேலைக்கு சேர்ந்த முதல் நாள் என்னாச்சுன்னு ரெண்டு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுங்க, உங்க பேத்தி கேப்பா.

வைஃபை பத்தி கேட்டீங்க. ஒன்பதுக்கு ஆஃப் பண்ண வேண்டாம். மகன் கையில மொபைல் டேட்டா இருக்கு, அவருக்கு ஒண்ணும் ஆகாது, மாட்டிக்கப்போறது மருமகளும் பேத்தியும் தான், அதுவும் மாமனார் சொல்லி நிறுத்தினாங்கன்னு ஆயிடும். அதுக்குப் பதிலா ராத்திரி சாப்பாட்டு நேரம், ஒரு அரை மணி, எல்லார் போனும் ஃபிரிட்ஜ் மேல. முதல் போன் உங்களோடது. ரெண்டாவது உங்க மகனோடது, சாப்பிட்ட தட்ட கழுவி வைக்கிற வேலையும் அன்னில இருந்து அவரோடது. இத மகன்கிட்ட மட்டும் தனியா பேசாதீங்க, மருமகளும் இருக்கறப்போ பேசுங்க, அவங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அன்புடன்.