ஜனவரியிலேயே ஐம்பதாயிரம் கட்டி இன்ஜினியரிங் சீட்டை உறுதி செய்யலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஐடிஐ படித்தவன். மொத்தச் சம்பளம் ₹58,000, கைக்கு வருவது ₹52,000. வீட்டுச் செலவு போக மாதம் ₹12,000 மிஞ்சும். மனைவி பிளஸ் டூ வரை படித்தவர், வேலைக்குப் போகவில்லை. இரு பக்கத்துத் தாத்தா, பாட்டிகளும் கல்லூரிக்குப் போகாதவர்கள். மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் பிளஸ் டூ, மகன் ஒன்பதாம் வகுப்பு. வங்கி டெபாசிட் ₹4.2 லட்சம், மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் ₹3.1 லட்சம், பிஎஃப் ₹6 லட்சம், 22 பவுன் நகை, சொந்த வீடு. கடன் இல்லை. மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். திருப்புதல் தேர்வு மார்க்கை வைத்துப் பார்த்தால் கட்-ஆஃப் 185 வருகிறது. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஏஜென்ட், "இப்போதே ₹50,000 கட்டுங்கள், சீட் உறுதி, ஜூனில் விலை ஏறிவிடும்" என்கிறார். ஆண்டுக் கட்டணம் ₹3.5 லட்சம், விடுதி ₹1.3 லட்சம். நகையை வைத்துக் கட்டிவிடலாமா? பணக் கவலையை மகளிடம் சொல்லி அவள் படிப்பைக் கெடுக்க மனமில்லை.

பதில்: கட்ட வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. உங்கள் குடும்பத்தால் நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு முடியும் என்ற தொகை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதாமல் எந்தக் கல்லூரிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் முதலில் கல்லூரியை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் பணத்துக்கு ஓடுகிறார்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தின்போதுதான் மூச்சு முட்டும்.

உங்கள் தொகையைப் போட்டுப் பார்ப்போம். மிஞ்சும் ₹12,000-ல் மாதம் ₹8,000 படிப்புக்கு என்றால் ஆண்டுக்கு ₹96,000. ஆனால் மகள் நான்காம் ஆண்டு போகும்போது மகன் முதலாம் ஆண்டு சேருவான். அந்த ஒரு வருடம் மட்டும் பாதியாகக் குறைத்து ₹48,000 என்று வையுங்கள். நான்கு வருடத்தில் சம்பளத்திலிருந்து ₹3.36 லட்சம். டெபாசிட்டில் ₹1.5 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கினால் ₹2.7 லட்சம் எடுக்கலாம். செல்வமகள் கணக்கில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் மேல்படிப்புக்கு, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்க முடியும். அது சுமார் ₹1.55 லட்சம். சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்ட வேண்டும். மொத்தமாகவும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒரு தவணையாகவும் எடுக்கலாம். ஆக, சொந்தப் பணம் ₹7.6 லட்சம்.

இதற்கு மேல் கடன். மகளின் தொடக்கச் சம்பளம் கைக்கு ₹25,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதிகம் வந்தால் நல்லது. அதில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போகலாம் என்றால், 10% வட்டியில் ஏழு வருடத் தவணைக்கு ₹5 லட்சம் கடன் தாங்கும். இஎம்ஐ சுமார் ₹8,300. இந்தக் கணக்கு நிற்க, படிக்கும் காலத்து வட்டியை நீங்கள் மாதாமாதம் கட்டிவர வேண்டும். முதல் ஆண்டில் மாதம் ₹1,000 சொச்சம், நான்காம் ஆண்டில் ₹4,200 அளவுக்குப் போகும். கட்டாமல் விட்டால், படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் முடியும்போது ₹5 லட்சம் ₹6.75 லட்சமாக நிற்கும்.

எனவே உங்கள் உச்சவரம்பு ₹12.6 லட்சம். ஏஜென்ட் சொல்லும் இடத்துக்கு நான்கு வருடத்துக்கு ₹19.2 லட்சம், அதுவும் கட்டணம் ஏறாமல் இருந்தால். சொந்தப் பணம் போக ₹11.6 லட்சம் கடன் வேண்டும். வட்டியைக் கட்டாமல் விட்டால் அது ₹15.7 லட்சமாகி, பத்து வருடத்துக்கு மாதம் ₹20,700 கேட்கும். ₹25,000 சம்பளத்தில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு இது என்ன சுமை என்று நீங்களே பாருங்கள்.

மாற்று வழி, கட்-ஆஃப் தரவரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் பொறியியல் கலந்தாய்வு. 185 கட்-ஆஃப் மோசமான இடமில்லை. கணிதம் முழுதாக 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50, 50-க்கும் எடுத்து 200-க்குக் கணக்கிடுவார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 90, வேதியியலில் 96 என்றால் 92, 45, 48 சேர்ந்து 185. கணிதத்தில் ஒரு மார்க் ஏறினால் கட்-ஆஃப் ஒன்று ஏறும், மற்ற இரண்டில் ஏறினால் அரைதான். கடைசி இரண்டு மாதத்தில் எந்தப் பாடத்துக்கு நேரம் கொடுப்பது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

கலந்தாய்வில் உங்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது, ஏஜென்ட் சொல்ல மாட்டார். குடும்பத்தில் பெற்றோர், தாத்தா-பாட்டி, உடன்பிறந்தோர் என யாரும் பட்டதாரி இல்லாததால் உங்கள் மகள் முதல் தலைமுறைப் பட்டதாரி. கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணச் சலுகை. கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், கூடவே பெற்றோரும் மாணவியும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் உண்டு. அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடைக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சலுகையைக் கணக்கில் எடுக்காமலேயே, ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணம், விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ₹2.2 லட்சம், லேப்டாப்புக்கு ஒருமுறை ₹50,000 என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு ₹9.3 லட்சம். கடன் இரண்டு லட்சத்துக்குள் அடங்கிவிடும். இது மாதிரிக் கணக்கு. நீங்கள் போய்ப் பார்க்கும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டண ரசீதை வாங்கிப் பார்த்து உண்மைத் தொகையைப் போடுங்கள். விளம்பரத் தாளில் கல்விக் கட்டணம் மட்டும் இருக்கும். பேருந்து, பயிற்சி, "இதர கட்டணம்" எல்லாம் ரசீதில்தான் தெரியும்.

(அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 7.5% ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. பள்ளி வாரியாகப் படித்த சான்றை மட்டும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.)

இனி, கலந்தாய்வில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியல். பணத்தை அதிகம் இழப்பது இங்கேதான். மே மாதம் ரிசல்ட்டை ஒட்டிப் பதிவு, ஜூலை, ஆகஸ்டில் சுற்றுகள் என்று போகும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கணினி மேலிருந்து கீழே வந்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பது கைநழுவும் என்ற பயம் தேவையில்லை. பயந்துபோய் "நிச்சயம் கிடைக்கும்" கல்லூரியை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும். ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். போன வருடம் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடத்தின் கட்-ஆஃப் 190-க்கு மேல் முடிந்தவை கொஞ்சம், 180 முதல் 188 வரை முடிந்தவை நிறைய, 170-களில் முடிந்தவை கணிசமாக என்று அறுபது, எழுபது வரிகளாவது இருக்கட்டும். பத்து வரி எழுதிவிட்டு இடமே ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குப் போகும் பிள்ளைகள் வருடாவருடம் உண்டு.

ஒவ்வொரு வரியிலும் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பிரிவின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கோவையில் பிஎஸ்ஜி டெக் 2006, பிஎஸ்ஜி ஐடெக் 2377. இரண்டும் வேறு கல்லூரி. பிஎஸ்ஜி டெக், சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), மதுரை தியாகராஜர் ஆகிய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே குறியீட்டுக்குள் உதவிபெறும் பிரிவும் இருக்கும், "எஸ்எஸ்" என்று குறித்த சுயநிதிப் பிரிவும் இருக்கும். படிப்பின் பெயர் ஒன்று, கட்டணம் இரண்டு. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலில் நான்கு வருட மொத்தத்தை எழுதுங்கள். ₹12.6 லட்சத்தைத் தாண்டும் வரியை அப்போதே அடித்துவிடுங்கள். இடம் கிடைத்த பிறகு அடிக்க மனசு வராது.

பதிவு செய்ய பிரவுசிங் சென்டருக்குப் போனால் உங்கள் மொபைல் எண்ணையும் மகளின் மின்னஞ்சலையும்தான் கொடுக்க வேண்டும். "நம்ம நம்பரையே போட்டுக்கலாம் சார்" என்று கடைக்காரர் சொல்வார். ஓடிபி அவருக்குப் போகும், உங்கள் பட்டியலும் அவர் கைக்குப் போகும். பாஸ்வேர்டையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவெடுக்க ஓரிரண்டு நாள்தான் இருக்கும். ஏற்றுச் சேருவதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள இடத்துக்குக் காத்திருப்பதா, வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போவதா என்பதை அதற்கு முன்பே வீட்டில் பேசி வைத்திருங்கள். மேலே காத்திருப்பதானாலும் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். வங்கிக் கடன் அந்த வாரத்துக்குள் வராது. ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த பிறகுதான் விண்ணப்பமே நகரும். அதனால் ஜூன் முடிவில் ஒரு லட்ச ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருக்குமாறு டெபாசிட்டின் ஒரு பகுதியை இப்போதே மாற்றுங்கள். நகைக்கடனுக்கு இங்கே மட்டும் இடமுண்டு: கடன் வரும்வரை இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க, நான்கைந்து பவுன். வருடாவருடம் திருப்பி வைத்து நான்கு வருடக் கட்டணத்தையும் நகையின் மேல் ஓட்டினால், வேலை கிடைக்கும் நேரத்தில் நகை ஏலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பிஎஃப் பக்கம் போகவே வேண்டாம்.

கல்விக் கடனில் ₹4 லட்சம் வரை உங்கள் பங்காகப் பணம் போட வேண்டியதில்லை. ₹7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், அத்திட்டப் பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தால் கல்விக் கடனுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லை. குடும்ப வருமானம் ₹8 லட்சத்துக்குள் இருந்தால், ₹10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3% வட்டி மானியமும் உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்ற வரம்போடு. உங்கள் வருமானம் ₹6.96 லட்சம் என்பதால் அந்தத் திட்டப் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். வருமான வரிச் சலுகைக்காக என்று யாராவது பெரிய கடனுக்குத் தூண்டினால் காதில் வாங்காதீர்கள். கல்விக் கடன் வட்டிக்குச் சலுகை தரும் 80இ பிரிவு பழைய வரி முறையில்தான், உங்களுக்குப் புதிய முறையில் வரியே வராது.

கடனில் இணைக் கடன்தாரர் நீங்கள்தான். எனவே உங்கள் பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை இந்த மாதமே எடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை இலவசம். என்றோ முடித்த பைக் கடன் "முடிக்கப்படவில்லை" என்று நின்றால் திருத்த வாரக்கணக்கில் ஆகும். அதேபோல் ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் மகளின் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜூலையில் கண்டுபிடித்தால் தாலுகா ஆபீஸில் வரிசை நீளும்.

ஏஜென்டுக்கு என்ன சொல்வது? "ரிசல்ட் வந்த பிறகு கல்லூரிக் கணக்கிலேயே கட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். கல்லூரிக்கே கட்டிய கட்டணத்தை, வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் ₹1,000 பிடித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. அசல் சான்றிதழ்களையும் பிடித்துவைக்கக் கூடாது. ஏஜென்ட் கையில் கொடுத்த "அட்வான்ஸ்" இதில் எதிலும் வராது. ரசீதில்லா நன்கொடை தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. வங்கியும் அதற்குக் கடன் தராது.

மகளிடம் சொல்வதா என்று கேட்டீர்கள். சொல்லியே ஆக வேண்டும், தேர்வு முடிந்த மறுவாரம். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கணக்கை எழுதிய தாளை அவள் முன் வைத்து, "பன்னிரண்டரை லட்சம், அதில் ஐந்து உன் பெயரில் கடன்; இதற்குள் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பது உன் முடிவு" என்று சொன்னால் போதும். நகையைப் பற்றியும் அப்பாவின் கஷ்டத்தைப் பற்றியும் பேச வேண்டாம். பதினேழு வயதுக்குத் தொகை புரியும், புலம்பல்தான் புரியாது. பிறகு பட்டியலை அவளே தயாரிக்கட்டும். கட்-ஆஃபைத் தேடுவது அவள் வேலை, ரசீதையும் சான்றிதழையும் தேதியையும் பார்ப்பது உங்கள் வேலை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், தினமும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

மகனுக்கு: முதல் ஆண்டில் ₹8,000-மும் வட்டியும் போக மாதம் ₹2,900 அளவுக்குக் கையில் நிற்கும். ஜூனிலேயே அவன் பெயரில் மாதம் ₹2,500-க்கு ஓராண்டு ஆர்டி (தொடர் வைப்பு) தொடங்கிவிடுங்கள். அவன் பிளஸ் டூ முடிக்கும்போது முதல் தவணைக்கு அது உதவும்.