புரதத்தின் கூட்டாளி யார்? ஆய்வகக் கேள்வி பதில்

கேள்வி: கோ-ஐபியில் (ஆன்டிபாடியால் ஒரு புரதத்தைப் பிடித்து, அதோடு ஒட்டியவற்றையும் சேர்த்து இழுக்கும் முறை) என் புரதம் நன்றாக இறங்குகிறது. கூடவே வர வேண்டிய கூட்டாளி வருவதே இல்லை. ரீப்பா பஃபரில்தான் செல்லை உடைக்கிறேன்.

பதில்: முதலில் பஃபரை மாற்றுங்கள். ரீப்பாவில் எஸ்டிஎஸ், டிஆக்ஸிகோலேட் என்ற கடுமையான டிடர்ஜென்ட்கள் இருப்பதால், பிடிப்பு தளர்வான கூட்டுகள் கலைந்துவிடும். 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.5), 150 மில்லிமோலார் உப்பு, 0.5 சதவீத என்பி-40 (மென்மையான டிடர்ஜென்ட்), ப்ரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் (புரதம் சிதையாமல் தடுப்பது) போதும். எல்லாம் ஐஸ் மேலேயே நடக்கட்டும். அப்படியும் வரவில்லையென்றால் ஆன்டிபாடியைச் சந்தேகியுங்கள். கூட்டாளி உட்காரும் இடத்திலேயே அதுவும் ஒட்டினால், தனியாக இருக்கும் புரதம் மட்டும்தான் கிடைக்கும். கூட்டாளிக்கான ஆன்டிபாடியால் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: கோ-ஐபியில் இழுத்ததை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்த்தால் 50 கிலோடால்டன் அருகே தடிமனான பேண்ட். வெறும் ஐஜிஜி (என் புரதத்தைக் குறிவைக்காத ஆன்டிபாடி) போட்ட கன்ட்ரோலிலும் அதே.

பதில்: அது இழுக்கப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் ஹெவி செயின் (பெரிய துண்டு). பிளாட்டுக்கு வேறு விலங்கில் தயாரான ஆன்டிபாடி வையுங்கள், அல்லது லைட் செயினை (சிறிய துண்டை) மட்டும் பிடிக்கும் செகண்டரி (முதல் ஆன்டிபாடியைக் காட்டித்தரும் இரண்டாவது ஆன்டிபாடி). இரண்டாவது வழியில் லைட் செயின் பேண்ட் 25 கிலோடால்டன் அருகே வரும்; அங்கே இருக்கும் புரதம் அதில் மறையும்.

கேள்வி: கோ-ஐபியில் வந்துவிட்டது. நேரடித் தொடர்பு என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். நடுவில் மூன்றாவது புரதம் பாலமாக இருக்கலாம். இரண்டும் டிஎன்ஏவில் ஒட்டுபவை என்றால் பாலம் டிஎன்ஏவாகவே இருக்கலாம்; லைசேட்டில் (உடைத்த செல் கரைசலில்) டிஎன்ஏவை வெட்டும் பென்சோனேஸ் என்சைமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மெக்னீசியம் வேண்டும், ஆகவே மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் இடிடிஏ பஃபரில் கூடாது. பலர் வழுக்குவது இங்கேதான். நேரடி என்று சொல்ல, தனித்தனியாகச் சுத்திகரித்த இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஈஸ்ட் டூ-ஹைபிரிட்டில் (பெய்ட், ப்ரே என்ற இரண்டு புரதங்கள் ஒட்டினால் ஈஸ்ட் ஹிஸ்டிடின் தயாரித்து வளரும் சோதனை), ப்ரே பக்கம் காலி பிளாஸ்மிட் வைத்தாலும் ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் காலனி முளைக்கிறது.

பதில்: உங்கள் பெய்ட் தானாகவே ஹிஸ்டிடின் ஜீனை முடுக்குகிறது. ஃபீல்ட்ஸும் சாங்கும் 1989இல் கொண்டுவந்த இந்த முறையில், பெய்ட்டும் ப்ரேயும் சேர்ந்தால்தான் பிரிந்து கிடக்கும் கால்4 (ஜீனை முடுக்கும் புரதம்) மறுபடி வேலை செய்யும். ஹிஸ்டிடின் தயாரிப்பைத் தடுக்கும் 3-ஏடியை 1 மில்லிமோலாரிலிருந்து படிப்படியாக ஏற்றி, அந்தக் காலனிகள் நிற்கும் அளவைப் பிடியுங்கள். நிற்கவே இல்லையா? முடுக்கும் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி குளோன் செய்யுங்கள். சவ்வுப் புரதம் என்றால் இந்த முறையை விட்டுவிட்டு, சவ்விலேயே தொடர்பைப் பார்க்கும் ஸ்பிளிட்-யுபிக்விட்டின் முறை பக்கம் போங்கள். சவ்வில் மாட்டிய பெய்ட் நியூக்ளியஸுக்குள் நுழையாது.

கேள்வி: டர்போஐடியில் (என் புரதத்தோடு இணைத்த என்சைம், அருகில் இருக்கும் புரதங்களில் பயோட்டினை அடையாளமாக ஏற்றும் முறை) எல்லாப் புரதமும் பயோட்டின் ஏறி வருகிறது.

பதில்: நேரத்தைக் குறையுங்கள். 10 நிமிடம் போதும். இந்த என்சைம் சீரத்தில் இருக்கும் பயோட்டினையே எடுத்துக்கொள்ளும். ஆர்பிஎம்ஐ மீடியத்திலும் பயோட்டின் உண்டு. நேரம் முடிந்ததும் ஐஸில் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஐந்து முறை கழுவுங்கள். மிச்சப் பயோட்டின் இருந்தால், பயோட்டின் ஏறிய புரதங்களைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் பீட்ஸ் அதிலேயே நிரம்பிவிடும். முதல் கேள்வியில் வேண்டாம் என்ற ரீப்பா இங்கே சரியான பஃபர். அடையாளம் ஏற்கெனவே ஏறிவிட்டது, கூட்டு கலைந்தால் நஷ்டமில்லை. கன்ட்ரோலுக்கு உங்கள் புரதம் இருக்கும் அதே இடத்துக்கு அனுப்பிய வெறும் டர்போஐடியை வையுங்கள். செல் முழுக்கத் திரியும் டர்போஐடி, அக்கம்பக்கத்தில் சும்மா நிற்பவற்றைக் கழித்துக் காட்டாது.