எம்.பி.ஏ. வெளிநாட்டுக் கல்விப் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

முதலில் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) என்றால் 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள்.

பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையை, பயணத்தில் பார்வையிடப் போகும் நிறுவனங்களைப் பற்றிப் படிப்பதில் பலரும் காட்டுவதில்லை. பயணத்தின் பலனே அதில்தான் இருக்கிறது. ஆண்டறிக்கையை எடுத்து, வருமானம் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது, எந்த அபாயங்களை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டு கேள்விகள் போதும். இணையதளத்திலேயே விடை இருக்கும் கேள்வியைக் கேட்டால், எதிரில் இருப்பவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும்!

குறிப்புகளை அன்றிரவே எழுதிவிடுங்கள். மூன்றாம் நாளில் எந்த நிறுவனத்தில் எதைக் கேட்டோம் என்பதே குழம்பும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது.