சுங்கை சிப்புட் கித்தார் கேள்வி பதில்: கம்பி உயரமும் கட்டைக் கணக்கும்

கேட்பதற்கு முன் மூன்று விஷயம் எழுதிவிடுங்கள்: கித்தாரின் மாடல் எண், நைலான் கம்பியா இரும்புக் கம்பியா, வீட்டில் ஏர்கோன் உண்டா இல்லையா. இவை தெரியாமல் பதில் சொன்னால் அது குறி சொல்வது மாதிரிதான்.

12 வயதுப் பையனின் அம்மா: அண்ணா, மகன் கித்தார் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். 500 வெள்ளிதான் பட்ஜெட். எது வாங்கலாம்?

500 வெள்ளியையும் கித்தாரிலேயே போட்டுவிடாதீர்கள். 100 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு கிளிப் டியூனர் (கித்தார் தலையில் கவ்வி, அதன் அதிர்விலிருந்து சுருதி காட்டும் கருவி), ஒரு செட் கம்பி, மீதி செட்டப் கூலிக்கு, அதாவது கம்பி உயரத்தைச் சரிசெய்து தரும் வேலைக்கு.

தமிழ்ப்பாட்டுக்குத் தட்டி வாசிக்க ஆசை என்றால் யமஹா F310 மாதிரி இரும்புக் கம்பி கித்தார். விரல்களால் ஒவ்வொரு கம்பியாக மீட்டவோ தேர்வுக்குப் படிக்கவோ என்றால் யமஹா C40 மாதிரி நைலான். F310-இன் கழுத்து அகலம் நட்டருகே (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னத் துண்டு) 43 மி.மீ., C40-இல் 52 மி.மீ. சின்னக் கைக்கு 52 அகலம்தான், ஆனால் நைலான் விரலை அறுக்காது. 12 வயதுக்கு முழு அளவு கித்தார் போதும், முக்கால் அளவு தேடி அலைய வேண்டாம். செகண்ட் ஹேண்ட் என்றாலும் தப்பில்லை.

கடைக்குப் போகும்போது சின்ன ஸ்டீல் ரூலர் ஒன்றைக் கொண்டு போங்கள். 12-ஆவது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் நிறுத்தி, ஃபிரெட் உச்சியிலிருந்து கம்பியின் அடிவரை அளக்க வேண்டும். இரும்புக் கம்பியில் தடித்த கம்பி 2.4, மெல்லிய கம்பி 1.8 மி.மீ. இருந்தால் நல்லது. நைலானில் 4-ம் 3-ம். இரும்பில் 3-ஐத் தாண்டினால் இறக்கித் தரச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள். ஒரே மாதத்தில் கித்தார் அலமாரி மேலே போவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு மில்லிமீட்டர்தான். பிள்ளைக்கு அக்கறையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு எச்சரிக்கை, எல்லாருக்கும்: நைலான் கித்தாரில் இரும்புக் கம்பி போடாதீர்கள். நைலான் செட் மொத்தமாக ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும். 12-ஆம் நம்பர் இரும்பு செட் (மெல்லிய கம்பியின் கனம் 0.012 அங்குலம்) 70 கிலோவுக்கு மேல். நைலான் கித்தாரின் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) வெறும் பசையில் நிற்கிறது.

செம்பனைத் தோட்டம், 58 வயது: தம்பி, அடுத்த வருஷம் ஓய்வு. முப்பது வருஷம் குலை வெட்டின கை. விரல் மடங்க நேரமாகுது. இனிமே கித்தார் கத்துக்க முடியுமா?

முடியும் ஐயா. தடித்த தோல் உங்களுக்கு லாபம்தான், மற்றவர்கள் இரண்டு வாரம் வலித்து வாங்குவதை நீங்கள் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறீர்கள். சிக்கல் மூட்டில். எனவே கம்பியின் இழுவையைக் குறைப்பதுதான் வழி.

கடையில் வரும் கித்தாரில் பெரும்பாலும் 12-ஆம் நம்பர் செட் இருக்கும். அதைக் கழற்றி 10-47 செட் (மெல்லியது 10, தடித்தது 47) போடுங்கள். பிறகு ஆறு கம்பியையும் அரைச் சுருதி இறக்கிக் கட்டுங்கள். சுருதி அரை இறங்கினால் இழுவை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து குறையும். பாட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஆறு கம்பியையும் ஒன்றாக அமுக்கிச் சுருதி ஏற்றும் கவ்வி). அங்கே ஃபிரெட் இடைவெளியும் கொஞ்சம் சுருங்குவதால் விரல் அவ்வளவு விரிய வேண்டாம். செட் மெலிந்ததும் கழுத்து பின்னால் வளைந்து கம்பி கடகடக்கலாம். அப்போது ட்ரஸ் ராட்டை (கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டு) கால் சுற்று தளர்த்தினால் சரியாகும்.

இதுவும் கடினமென்றால் எலெக்ட்ரிக் கித்தாருக்குப் போங்கள். 9-42 செட் போட்ட எலெக்ட்ரிக்தான் விரலுக்கு மிக இலகுவானது. "முதலில் அகோஸ்டிக், அப்புறம்தான் எலெக்ட்ரிக்" என்பது சும்மா பேச்சு. வீட்டுக்கு 10 வாட் ஆம்ப் தாராளம்.

நாளுக்கு 15 நிமிடம், இரண்டு தடவை. காலையில் விறைப்பாக இருக்கும்போது வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். ஒரு விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு 'டக்'கென்று விடுபட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள். அதற்கு மருந்து கித்தாரில் இல்லை.

லிந்தாங் ரோடு: C40 வெச்சிருக்கேன் பாஸ், சத்தம் பத்தல. இரும்புக் கம்பி மாத்தலாமா?

மேலே படியுங்கள். கூடாது. ஹார்ட் டென்ஷன் (இழுவை கூடின) நைலான் செட் போட்டுப் பாருங்கள்.

கல்லூரி மாணவி: F கார்ட் மூணு மாசமா வரல அண்ணா. விரல் சின்னதா இருக்கறதாலயா?

விரலைச் சந்தேகிப்பதற்கு முன் நட்டைச் சந்தேகியுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போவைப் போட்டு, அதே பார் வடிவத்தை (ஒரு விரலை எல்லாக் கம்பியின் மேலும் படுக்க வைத்துப் பிடிக்கும் கார்ட்) ஒரு ஃபிரெட் தள்ளிப் பிடியுங்கள். அங்கே சட்டென்று வந்துவிட்டால் விரலில் குறையில்லை, நட்டில் கம்பி உட்காரும் வெட்டு மேலே இருக்கிறது. இன்னொரு சோதனை: மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே எட்டிப் பாருங்கள். இடைவெளி ஒரு தாள் கனத்துக்கு மேல் தெரியக்கூடாது. தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அந்த வெட்டைக் கொஞ்சம் அரம் போடச் சொல்லுங்கள். நீங்களே அரத்தை எடுக்காதீர்கள். ஒரு இழுப்பு அதிகமானால் நட்டையே மாற்ற வேண்டி வரும்.

அதுவரை மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் சின்ன F பிடியுங்கள்: நான்காவது கம்பியில் 3, மூன்றாவதில் 2, முதல் இரண்டிலும் 1. பாட்டு நிற்காது.

கம்பத்து வீடு, ஏர்கோன் இல்லை: கித்தார் வயிறு உப்பின மாதிரி இருக்கு. கம்பியும் மேலே ஏறிடுச்சு. கெட்டுப்போச்சா?

இன்னும் இல்லை. கித்தார் செய்யும் பட்டறைகளில் காற்றின் ஈரம் 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருப்பார்கள். நம் ஊரில் சாயங்கால மழை கொட்டினால் அது 80-ஐத் தாண்டும். மரம் நாருக்குக் குறுக்கே ஈரத்தைக் குடித்து விரியும், நாலு பக்கமும் ஒட்டியிருப்பதால் மேல்நோக்கி உப்பும், கூடவே பிரிட்ஜும் கம்பியும் ஏறும்.

இதைச் செய்யுங்கள். மூடினால் காற்று புகாத கெட்டிப் பெட்டி ஒன்று, அதற்குள் சின்ன ஈரமானி, 200, 250 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில். பெட்டி இல்லாமல் கித்தாரின் துணி உறைக்குள் ஜெல் போடுவது வீண், ஊர் ஈரத்தை எல்லாம் அது உறிஞ்சப் பார்க்கும். நிறம் மாறும் ஜெல்லாக வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பவும் போடலாம். 50-க்குக் கொண்டுவர இரண்டு மூன்று வாரம் ஆகட்டும், அவசரப்பட்டால் மரம் வெடிக்கும்.

ஈரம் உறிஞ்ச அலமாரியில் வைக்கும் தண்ணீர் சேரும் டப்பா வேண்டவே வேண்டாம். அதில் சேருவது உப்புத் தண்ணீர். பெட்டிக்குள் கவிழ்ந்தால் கம்பி, ஃபிரெட், டியூனிங் சாவி எல்லாம் துரு.

ஒரு தாளை பிரிட்ஜின் பின்விளிம்பில் நுழைத்துப் பாருங்கள். 2, 3 மி.மீ. உள்ளே போனால் கம்பிகளை இன்றே தளர்த்திவிட்டு ஈப்போவில் பழுது பார்ப்பவரிடம் எடுத்துப் போங்கள். சூப்பர் குளூ ஊற்றி ஆணி அடித்துக் கொண்டு வந்தால் எவரும் தொடமாட்டார்கள்.

வெயிலில் நிற்கும் கார் பூட்டில் கித்தாரை விடாதீர்கள். பசை இளகும்.

ரோட்டி கடை முன்னாடி: ஃபிரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். சிக்குப் பிடித்து நாறும். மினரல் ஆயில் இரண்டு சொட்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை, ரோஸ்வுட்டுக்கு மட்டும்.

பேர் போட விருப்பமில்லை: எந்த கித்தார் பெஸ்ட்?

முதல் பதில்.

தாத்தா வீட்டு கபோக்: தாத்தாவோட கபோக் கித்தார் பரணில் இருக்கு. செலவு பண்ணலாமா?

குவாங்சோவில் செய்த பிராண்டு அது. நம் நாட்டில் அந்தப் பெயரே எல்லா அகோஸ்டிக்குக்கும் பொதுப்பெயராகி, மலாய்க்காரர்கள் இன்றும் 'கித்தார் காபோக்' என்றுதான் சொல்கிறார்கள். செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. நீளமான நேர் ரூலரை ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். நுனி பிரிட்ஜ் மரத்தின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் போனால் கழுத்து சரி, செலவு செய்யலாம். உச்சிக்குக் கீழே 3 மி.மீ. இடித்தால் கழுத்தைக் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். அந்தக் கூலியில் புதுசே வாங்கலாம். அப்போது சுவரில் மாட்டி வையுங்கள், தாத்தா சந்தோஷப்படுவார்.

பஜனைக் குழு அக்கா: தம்பி, நாங்க ஐந்தரைக் கட்டையில பாடுவோம். கித்தார் வாசிக்கிற பையன் எல்லாமே பார் கார்டு, கை வலிக்குதுங்கறான். என்ன வழி?

கேப்போதான் அக்கா. கட்டைக் கணக்கு இதுதான்: ஒன்று C, இரண்டு D, மூன்று E, நான்கு F, ஐந்து G, ஆறு A, ஏழு B. 'அரை' என்றால் அதற்கடுத்த கறுப்புக் கட்டை. ஐந்தரை என்பது G ஷார்ப். முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு G வடிவங்களை வாசிக்கட்டும். ஒன்றரைக்கு முதல் ஃபிரெட்டில் C வடிவம், இல்லை நான்காவதில் A. இரண்டரைக்கு முதலில் D அல்லது மூன்றாவதில் C. நாலரைக்கு இரண்டாவதில் E. ஆறரைக்கு மூன்றாவதில் G. இதை ஒரு அட்டையில் எழுதிக் கித்தார் பெட்டிக்குள் ஒட்டிவிடச் சொல்லுங்கள்.

ஹார்மோனியக்காரர்: கேப்போ எல்லாம் சோம்பேறிக் கட்டை. கம்பியையே அரைச் சுருதி ஏத்திக் கட்டினா போச்சு. வேலை முடிஞ்சது.

ஐயா, முடிவது வேலை இல்லை, கித்தார். அரைச் சுருதி ஏறினால் அதிர்வெண் நூற்றுக்கு ஆறு கூடும், இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடும். 73 கிலோவைத் தாங்கும் பிரிட்ஜில் 82 கிலோ. நம் ஈரத்தில் பசை ஏற்கெனவே அரைமனசாக நிற்கிறது. முதல் கம்பி அடிக்கடி அறுந்து கண்ணிலும் அடிக்கும்.

மிருதங்கம்: ஆனா கேப்போ போட்டதும் சுருதி லேசா ஏறுதே அண்ணே. ஐயா சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஏறுவது உண்மை. கேப்போவின் ஸ்பிரிங், கித்தார் கம்பியை ஃபிரெட்டுக்குப் பின்னால் அமுக்கி இழுப்பதால் வருவது. ஃபிரெட்டை ஒட்டியே போடுங்கள், நடுவில் வேண்டாம். திருகி இறுக்கும் வகை கேப்போ என்றால், கம்பி கடகடக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். போட்ட பிறகு ஒரு தடவை டியூனர். பாட்டு முடிந்து எடுத்ததும் இன்னொரு தடவை.

ஹார்மோனியக்காரர்: டியூனர் பார்த்து வெச்சும் என் ஹார்மோனியப் பெட்டியோட சேரல. அப்புறம் என்ன கேப்போ? கித்தாரில் கமகமும் (சுரத்தை அசைத்து வாசிக்கறது) வராது. கோயிலுக்கு ஆகாத வாத்தியம்.

கமகம் வராது என்று ஹார்மோனியத்தின் பின்னால் உட்கார்ந்து சொல்கிறீர்களே ஐயா! அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்து 1971 வரை உள்ளே விடாததற்கு இதே குற்றச்சாட்டும் ஒரு காரணம்.

விஷயத்துக்கு வருவோம். வீணையில் 24 மெட்டும் (வீணையின் ஃபிரெட்) மெழுகின் மேல் உயரமாக நிற்கும், கம்பி தளர்வாக இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல சுரம் பிடிக்கலாம். அகோஸ்டிக் கித்தாரில் 12-ஆம் நம்பர் செட்டின் மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பி, அரைச் சுரம் இழுக்கவே விரல் கெஞ்சும். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. எலெக்ட்ரிக்கில் 9 செட் போட்டால் மூன்றாவது கம்பி வெறுங்கம்பி, ஒன்றரைச் சுரம் வரை இழுக்கலாம். பிரசன்னா கர்நாடக சங்கீதத்தைக் கித்தாரில் முழுக் கச்சேரியாக வாசிக்கிறார். யூ. ஸ்ரீனிவாஸ் எட்டுக் கம்பி மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக்காக மாற்றிக்கொண்டது கம்பியை இழுப்பதற்கும் ஒலி நிலைப்பதற்கும்தான். கம்பியை மாற்றாமல் வாத்தியத்தைக் குறை சொன்னால் எப்படி?

மிருதங்கம்: அப்படிப் போடுங்க!

பஜனைக் குழு அக்கா: சண்டை போடாதீங்கப்பா. வெள்ளிக்கிழமை பூசைக்கு என்ன பண்றது?

அக்கா, கித்தாரும் பெட்டியும் சேராததற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிதான். டியூனர் 440 ஹெர்ட்ஸை A-ஆக வைத்துக் கணக்கிடும். பழைய ஹார்மோனியங்கள் சில அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கும். ரீடைத் தொடாமல் சரிசெய்ய முடியாது, ஆகவே கித்தார்தான் இறங்கி வர வேண்டும். கிளிப் டியூனருக்கு ஹார்மோனியம் கேட்காது. கைத்தொலைபேசியில் மைக் வழியே கேட்கும் டியூனர் ஒன்றை இறக்கி, ஆறாம் கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்து, ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். நடு ஸ்தாயி 440 அருகில், அதற்குக் கீழுள்ளது 220 அருகில் காட்டும். கீழுள்ளதை எடுத்தால் இரண்டால் பெருக்குங்கள்.

டாமான்: நைலான் கித்தார்ல இரும்புக் கம்பி...

கூடாது. கூடாது. கூடாது.

புதுசா சேர்ந்தவர்: 300 வெள்ளிக்குள்ள எந்த கித்தார்...

முதல் பதில், ரூலரோடு.

ஹார்மோனியக்காரர்: பார்த்தேன். 445 காட்டுது.

அதுதான் ஐயா. ஐந்து ஹெர்ட்ஸ் என்றால் அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, காதில் உரசுவதற்கு அது போதும். பையனின் கிளிப் டியூனரில் A-இன் எண்ணை மாற்ற ஒரு பொத்தான் இருக்கும், 445 வைக்கச் சொல்லுங்கள். முதலில் கேப்போ இல்லாமல் ஆறு கம்பியும், பிறகு முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு இன்னொரு தடவை. இந்தச் சிறு ஏற்றத்தை பிரிட்ஜ் தாங்கும். வெள்ளிக்கிழமை பெட்டியை நீங்கள் மாற்றினால் மட்டும் முன்கூட்டியே பையனிடம் சொல்லிவிடுங்கள்.