சித்தப்பா இருக்கிறார், ஆனால் அந்தச் சித்தப்பா இல்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. சின்ன வயதில் பொன்மலை ரயில்வே காலனியில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அப்பாவின் தம்பிதான் அப்போது எனக்கு எல்லாம். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய நண்பரிடமிருந்து பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் கேசட் வாங்கி வருவார். 'விஷ் யூ வேர் ஹியர்' (நீ இங்கே இருந்திருக்கலாமே) பாட்டின் ஆரம்பத்தில் ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது போல ஒரு கரகரப்பு. அப்புறம் கிடார். நடுவே யாரோ இருமுவார்கள். அந்த இடம் வந்ததும் சித்தப்பாவும் கூடவே இருமுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அவருக்கு மனநோய் வந்தது. ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இப்போது லால்குடியில் அத்தை வீட்டில் இருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார். போனால் "வா" என்பார், இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விடுவார்.

சமீபத்தில் அந்தப் பாட்டின் கதையைப் படித்தேன். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட், மனநிலை குலைந்து 1968-ல் விலகினாராம். 1975-ல் அந்த ஆல்பம் தயாரானபோது லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குத் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு வந்து நின்றாராம். கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லையாம். அன்றிலிருந்து பாட்டைக் கேட்டாலே அழுகிறேன். "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு எதுக்குடி அழறே?" என்கிறார் அம்மா. அந்தப் பாட்டைச் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா? பழையபடி ஆவாரா?

வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரி,

அழுங்கள், அதில் தப்பே இல்லை. ஆள் கண்முன்னால் இருக்க, நமக்குத் தெரிந்த மனிதர் மட்டும் காணாமல் போகும் இழப்பைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-கள் முதல் எழுதி வருகிறார். சாவு என்றால் காரியம் உண்டு, துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். இதற்கு அதெல்லாம் கிடையாது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து ஒரு பாட்டில் வந்து உடைகிறது.

ஆனால் நீங்கள் படித்த கதை ஸ்டுடியோவோடு நின்றுவிட்டது. மிச்சம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாரெட் பிறகு சொந்த ஊரான கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார். படம் வரைந்தார், தோட்ட வேலை செய்தார், சைக்கிளில் கடைக்குப் போய் வந்தார். தங்கை ரோஸ்மேரி கவனித்துக்கொண்டார். 2006-ல், 60 வயதில் இறக்கும்வரை அந்த வாழ்க்கைதான். பெற்றோர் வைத்த ரோஜர் என்ற பெயருக்கே போய்விட்டார். சிட்டைத் தேடி ரசிகர்கள் வாசலில் வந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் ஒரே நோய் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் லால்குடிக்குப் போகும்போது கேசட் போட்ட சித்தப்பாவைத்தான் தேடிப் போகிறீர்கள் என்று தோன்றுவதால் சொல்கிறேன்.

பேச்சு குறைவது, முகத்தில் எதுவும் தெரியாமல் இருப்பது, ஒதுங்கிப் போவது எல்லாம் இந்த நோயின் அறிகுறிகளே. பாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை மாத்திரைக்கு அடங்கும் அளவுக்கு இவை அடங்குவதில்லை. சில மாத்திரைகளே மந்தத்தையும் தூக்கக் கலக்கத்தையும் தரும். பழையபடி ஆவார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உங்களைப் பார்த்து "வா" என்கிறாரே, அவரும் உங்கள் சித்தப்பாதான்.

பாட்டைப் போடலாம். ஞாபகம் இருக்கிறதா என்று பரீட்சை வைக்க மட்டும் போடாதீர்கள். "சித்தப்பா, பாட்டு போடட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இடத்தில் அவர் இருமவில்லை என்றாலும் மனம் விட்டுவிடாதீர்கள். பதற்றம் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை பாட்டே இல்லாமல் போய், டீ போட்டுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் அத்தை. இத்தனை காலம் வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தவர் அவர். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பேச்சு குறைந்திருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உங்கள் அழுகை தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அத்தைக்கும் அந்த எண்ணை எழுதிக் கொடுங்கள்.